தோல் தைக்கும் மெசினும் தோல் தொடாத சாமிகளும்

ஊசியில் நூல் கோக்க மூக்குக் கண்ணாடியைத் தேடி, அதைத் தேடுவதற்கு இன்னொரு கண்ணாடி வேண்டும் என்ற நிலைக்கு என்னோடு சேர்ந்து வந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். இளையவர்கள் படித்தால் தடையில்லை. நடுவில் புகுந்து என்னைத் திருத்தாமல் இருந்தால் போதும்.

ஊர் என்னை முழு மரியாதையோடு நடத்தியது என் ஆயுளில் ஒரே ஒரு கார்த்திகை, மார்கழியில்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. பிற்பாடு கல்லூரி நூலகத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான பேருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். "மேடம், இதோட கைடு இருக்கா?" என்பதைத் தாண்டி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. அந்த ஒரு பருவத்தில் மட்டும் என் அம்மாவே என்னை "வாங்க, போங்க" என்றாள். காரணம், நான் மலைக்கு மாலை போட்டிருந்தேன்.

மாலை போட்டவர் ஆணானாலும் பெண்ணானாலும், ஒன்பது வயதானாலும் தொண்ணூறானாலும் சாமிதான். அதுவரை "ஏடி, இன்னுமா தூக்கம்?" என்று எழுப்பிய அம்மா, "சாமி, எந்திரிங்க, குளிக்கணும்" என்றாள். ஏழாம் வாய்ப்பாட்டில் நான் தடுக்கி விழும்போது அடிக்கக் கையை ஓங்குவாள். கழுத்து மாலையைப் பார்த்ததும் ஓங்கிய கையைக் கொண்டுபோய்த் தன் தலையைச் சொறிந்துகொள்வாள். பெண்பிள்ளை பத்து வயதுக்குள் மலைக்குப் போய் வந்தால் உண்டு, விட்டால் தலை நரைத்த பிறகுதான் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஆகவே அது என் கடைசி வாய்ப்பு. ஒன்பது வயதில் கடைசி வாய்ப்பு என்ற சொல்லே பெரிய பதவி மாதிரி இருந்தது.

இனி அப்பாவுக்கு வருகிறேன். அவருக்குச் சின்னமனூர் மெயின் ரோட்டில் ஒரு கடை. ஜீப்புகளுக்குப் படுதாவும் சீட்டு கவரும் தைப்பார். மேகமலைக்கும், மலைக்கு அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கும் கூலியாட்களை ஏற்றிப் போகிற ஜீப்புகள். ஐந்து பேர் உட்கார வேண்டிய சீட்டில் பன்னிரண்டு பேர், அவர்களது அரிவாள், தூக்குச்சட்டி, குடை. எந்த சீட்டும் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது. அந்தக் கிழிசலில்தான் நாங்கள் சாப்பிட்டோம். மத்தியான வெயிலில் கடைக்குள் புது ரெக்சின் வாசனை கஷாயம் காய்ச்சுவதுபோல் எழும்பும். எனக்கு அது பிடிக்கும். இன்றும் புதுக் காருக்குள் ஏறினால் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டேன்; கண்ணை மூடி ஒருமுறை இழுத்துக்கொள்வேன். மருமகன் இதை ஒரு நோய் என்று நினைக்கிறார்.

அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் ரைஸ் மில்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். ரேக்ளா பந்தயத்தில் மாடு விடுகிறவர். தை மாதப் பந்தயத்துக்குத் தன் மாடுகளுக்கும் பங்காளிகளின் மாடுகளுக்கும் சேர்த்து இருபது கழுத்துப் பட்டை வேண்டும் என்றார். சலங்கை கோக்கிற தோல் பட்டை, மூன்று மடிப்பு, ஓரத்தில் இரட்டைத் தையல். "கைத்தையலு பந்தயத்துல பிரிஞ்சிருதுய்யா. சலங்கை ரோட்ல சிதறுது. மெசின் தையலா வேணும்" என்றார்.

தோலை வெட்டி, பதம் பார்த்து, ஓரம் சீவித் தருவதற்கு வார்க்காரர் இருந்தார். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தெருவில் வீடு. வாசலில் கார்த்திகையிலேயே கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிவிடுவார். பூட்டாங்கயிறு, வார், பெல்ட் என்று தோலில் எது வேண்டுமானாலும் செய்வார். அப்பாவுக்கும் அவருக்கும் பழைய பழக்கம். அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவர் அப்பாவை "அண்ணே" என்பார்; அப்பா அவரை "வாப்பா" என்பார். இந்தக் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஏழாம் வாய்ப்பாடு வராத பிள்ளைக்கு இது மட்டும் எப்படித் தோன்றும்.

வெட்டுவது வார்க்காரர், தைப்பது அப்பா, வேலை இருவருக்கும் பாதி என்று பேச்சு. அப்பாவின் பழைய மெசினில் ஒரு துண்டைத் தைத்துப் பார்த்தார்கள். ரெக்சினில் பாட்டுப் பாடிக்கொண்டு போகும் அந்த மெசின் தோலைக் கண்டதும் இருமியது. நாலு தையலுக்கு ஒன்று விட்டுப்போனது. "துணின்னாப் பிரிச்சுத் தச்சுக்கலாம். தோல்ல ஊசி போட்ட ஓட்டை போட்டதுதேன்ணே. தப்பாப் போட்டா அந்தத் தோலே வேஸ்ட்டு" என்றார் வார்க்காரர்.

ஆக, புது மெசின் வாங்க வேண்டும். பழைய மெசினை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால்தான் புதியது கைக்கு எட்டும். எங்கள் வீட்டுச் சோறு அந்தப் பழைய மெசினில் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு வாங்கி வருவது தோலும் தைக்க வேண்டும், ரெக்சினும் தைக்க வேண்டும். தப்பான மெசின் வந்து சேர்ந்தால் பட்டையும் போச்சு, சீட்டு கவரும் போச்சு. அம்மா இதை ஒரு நாளைக்கு நாலு முறை சொன்னாள், மாலை போட்ட பிறகு கடைசியில் "சாமி" சேர்த்து.

எந்தப் புத்திசாலியும் மாலை போடுவதற்கு முன்னாடியே போய் வாங்கியிருப்பான். அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்தார். ஐப்பசியில் மிச்சமிருந்த நாட்களில் இரும்பு வாங்க அவர் ராசிக்கு ஒரு நாள்கூட அமையவில்லை. கார்த்திகை பிறந்தது. நானும் அவரும் மாலை போட்டுக்கொண்டோம். தோல் வேலைக்கு மெசின் பார்க்க வேண்டிய மனிதர், தோலைத் தொடக் கூடாத விரதத்துக்குள் நுழைந்தார்.

வீட்டிலிருந்து தோல் வெளியேறியது ஒரு சின்ன ஊர்வலம். அப்பாவின் செருப்பு, பெல்ட், வாட்ச் வார். என் பள்ளிக்கூடப் பையின் பக்கிளில் இரண்டு இஞ்ச் தோல் இருந்ததை அம்மா கண்டுபிடித்து, கத்தரித்து எறிந்து, பாவாடை நாடாவால் கட்டிவிட்டாள். பையை மூட மூன்று முடிச்சு, திறக்க மூன்று முடிச்சு. பள்ளிக்கூடத்தில் பென்சில் எடுப்பதற்குள் பாடம் முடிந்துவிடும்.

அந்த வாரம் வார்க்காரர் கடைக்கு வந்தார். வழக்கம்போல் ரோட்டில் நின்றுதான் பேசினார். மாலை போட்டவர்கள் எதிரே வரும் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது விதி. எல்லோருக்குள்ளும் இருப்பது ஒரே சாமி என்று குருசாமி சொல்லியிருந்தார். எனவே அப்பா வார்க்காரரையும் சாமி என்றார்.

"மெசின் பாக்கப் போறப்பச் சொல்லுங்கண்ணே, நானும் வாரேன். கைல ஓட்டிப் பாத்தாத்தேன் தெரியும்."

"வேணாம் சாமி. மாலை போட்ருக்கேன்ல. ஒன்னாப் போனா நல்லாருக்காது."

"தோலக் கொண்டுட்டு வந்தாத்தானண்ணே? கையக் கழுவிட்டு வெறுங்கையோட வாரேன்."

"அதுக்கில்ல சாமி…" என்றார் அப்பா.

வார்க்காரர் மடியிலிருந்து தினசரிப் பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தார். "அப்ப இந்தத் துண்டையாச்சும் கொண்டு போங்க. மூணு மடிப்பு. பட்டை இந்தக் கனந்தேன் வரும். இதுல தச்சுப் பாத்து வாங்குங்க."

"அங்கன ஆணில மாட்டிருங்க சாமி."

கடைக்கு வெளியே, கதவுச் சட்டத்தில், ஓர் ஆணி இருந்தது. பொட்டலத்தை அதில் மாட்டிவிட்டு அவர் போனார். அப்பா அதன் பக்கமே திரும்பவில்லை. ஆனால் கடையைப் பூட்டும்போதெல்லாம் உடம்பை ஒரு பக்கம் ஒடுக்கிக்கொண்டு பூட்டுவார்.

எனக்கு அந்தப் பொட்டலம் தூக்கத்தைக் கெடுத்தது. மாலை போட்டவர் தோலைத் தொட்டால் என்ன ஆகும் என்று யாரும் விவரமாகச் சொல்லவில்லை. "ஆகாது" என்றார்கள். என்ன ஆகாது? மாலை அறுந்து விழுமா, விரல் வீங்குமா, மலையில் வழி தெரியாமல் போகுமா? அம்மாவிடம் கேட்டேன். "கேக்கக் கூடாது சாமி" என்றாள். இன்னொன்றும் கேட்டேன். பஜனையில் ஒரு சாமி மடியில் வைத்துத் தட்டோ தட்டு என்று தட்டுகிறாரே டோலக், அதன் இரண்டு பக்கமும் தோல்தானே? அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வாய மூடிட்டுச் சரணம் சொல்லுங்க சாமி" என்றாள். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வது என்று கேட்டிருப்பேன். அதற்குள் அம்மாவின் கை தலையைச் சொறியப் போய்விட்டது.

சந்தேகத்தை நானே தீர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. முதல் நாள் பேப்பருக்கு மேலே ஒரு விரலை வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பேப்பர் காரணமாக இருக்கலாம். மறுநாள் பேப்பரின் ஓட்டை வழியாகச் சுண்டுவிரலை விட்டேன். வழவழவென்று, லேசாகச் சில்லென்று, எண்ணெயும் புளியும் கலந்த மாதிரி ஒரு வாசனையோடு இருந்தது. மாலை அறுந்து விழவில்லை. மூன்றாம் நாள் பிரித்தே பார்த்தேன். மூன்று மடிப்பு, ஓரம் சீவி, என் கட்டைவிரல் கனம். தட்டினால் மரம் மாதிரி, வளைத்தால் ரப்பர் மாதிரி. சாமி என்னைக் கவனிக்கவில்லை; அல்லது மொத்தமாகச் சேர்த்து மலையில் கேட்கலாம் என்று வைத்திருக்கிறார் என்று முடிவுக்கு வந்தேன்.

தேனிக்குப் போகும் நாள் வந்தது. அப்பா, மாமா, நான். மாமா அம்மாவின் தம்பி, ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். அவரும் மாலை போட்டிருந்தார். "நூறு மெசின மேய்க்கிறவன் நானு. தையல் மெசினெல்லாம் எனக்குப் பொம்மை சாமி" என்பார். பழைய மெசினின் தலையை மட்டும் மேஜையிலிருந்து கழற்றி, சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டார்கள். மூன்று கறுப்பு உடுப்பு, ஆறு வெறுங்கால், ஒரு சாக்கு. அப்பா கடையைப் பூட்டிவிட்டு சாக்கைத் தூக்கிய இடைவெளியில் நான் ஆணியிலிருந்து பொட்டலத்தை எடுத்து, சோற்றுப் பைக்குள், எலுமிச்சஞ்சோற்று டப்பாவுக்கு அடியில் வைத்தேன். மெசினுக்கு என்ன ஆகும் என்ற கவலையால் செய்தேன் என்று சொன்னால் என் பெருமைக்கு நன்றாக இருக்கும். உண்மையில், இந்தத் தடியான வஸ்துவை ஊசி எப்படித் துளைக்கும் என்று பார்க்க ஆசை. அவ்வளவுதான்.

பஸ்ஸில் வீரபாண்டி தாண்டும்போது மாமா மூக்கைச் சுளித்தார். "சோறு ஊசிப்போச்சா சாமி?"

"காலைல வச்சதுதேன் சாமி" என்றேன். பையை இறுக்கிக்கொண்டேன். சரணம் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு ஆத்தா என் பக்தியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மெசின் கடை அல்லிநகரம் பக்கம் இருந்தது. உள்ளே போனால் கடைக்காரரும் கறுப்பு வேட்டி. சாமி படம், ஊதுபத்தி. "வாங்க சாமி", "இருக்கட்டும் சாமி", "உக்காருங்க சாமி" என்று ஐந்து நிமிஷம் யார் யாரைச் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை.

வரிசையாக மெசின்கள். நடுவில் பச்சை நிறத்தில் ஒன்று, கழுத்து அகலமாக, புது எருமைக்கன்று மாதிரி பளபளவென்று நின்றது. ஓரத்தில், ஒரு பழைய மெசின் தூசியோடு இருந்தது. அதற்குத் துணி விரிக்கிற தட்டையான பரப்பே இல்லை. ஒரு குழாய் மட்டும் கை நீட்டியதுபோல் நீண்டிருந்தது. எனக்கு அதன்மேல்தான் கண். அதன் ஊசிக்குப் பக்கத்தில் ஒன்றுக்கு இரண்டாகக் கால்கள். சக்கரத்தைத் திருட்டுத்தனமாகக் கொஞ்சம் திருப்பினேன். ஒரு கால் தூக்கி, முன்னால் வைத்து அழுத்தியது, பிறகு மற்றது. கோழி நடப்பதுபோல் மெசின் நடந்தது. நான் அதுவரை நடக்கும் மெசினைப் பார்த்ததில்லை.

"அது பேக்கு தைக்கிறது சாமி, யாரோ வித்துட்டுப் போனாக. நமக்கு ஆகாது. தரை இல்ல பாருங்க" என்றார் கடைக்காரர். "இதப் பாருங்க." பச்சை மெசினில் ரெக்சினை நாலாக மடித்து ஓட்டினார். வெண்ணெயில் கத்தி. எட்டாக மடித்தார். அதுவும் போயிற்று. மாமா மெசினின் கழுத்தைத் தேங்காய் பார்ப்பதுபோல் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "நல்ல வார்ப்பு" என்றார்.

"தோல் தைக்குமா சாமி?" என்றார் அப்பா.

"எட்டு மடிப்பு ரெக்சின் தைக்குது. தோல் தைக்காதா?"

"தச்சுப் பாத்துட்டா நல்லாருக்கும்."

கடைக்காரர் சாமி படத்தைப் பார்த்துவிட்டு, "மாலை போட்டுட்டா சாமி? இந்த ஒன்றரை மாசம் கடைக்குள்ள தோலே வராது. தை பொறக்கட்டும், எம்புட்டு வேணாலும் தச்சுப் பாருங்க" என்றார்.

"தைலதான் பந்தயம்" என்றார் அப்பா.

"அதான் சொல்றனே, தைக்கும்."

மாமா தலையாட்டினார். "ரெக்சின் தச்சாத் தோலும் தைக்கும் சாமி. மெசினுக்கு என்ன தெரியும், இது மாடு, இது பிளாஸ்டிக்குன்னு?"

இப்போது யோசித்தால் திகைப்பாக இருக்கிறது. தோல் தைக்கும் மெசினை வாங்க வந்தவரும், விற்பவரும், ஆலோசகரும் தோலைத் தொடாமல் தோலைப் பற்றி முடிவு செய்துகொண்டிருந்தார்கள். மூவரும் முட்டாள்கள் இல்லை. நூலகத்தில் பிற்காலத்தில் நான் பார்த்த பல தடிமனான புத்தகங்களும் இந்த முறையில் எழுதப்பட்டவைதான்.

அப்பா பச்சை மெசினைச் சுற்றி வந்தார். பிறகு குனிந்து சாக்கின் வாயைப் பிரித்தார். உள்ளேயிருந்து எங்கள் பழைய மெசினின் தலை எட்டிப் பார்த்தது. பெயின்ட் போய், அப்பாவின் கை பட்டுப் பட்டு ஓரிடம் மட்டும் வெள்ளியாகியிருந்தது. கடைக்காரர் அதைத் தூக்கக் கையை நீட்டினார். நான் சோற்றுப் பையைத் திறந்தேன். பொட்டலத்தை எடுத்துப் பச்சை மெசின்மேல் வைத்தேன். பேப்பர் தானாக விரிந்தது.

கடைக்காரர் இரண்டு எட்டுப் பின்னால் போனார். மாமாவுக்கு விரதம், சாமி எல்லாம் மறந்துபோயிற்று. "ஏலே, என்னத்தக் கொண்டாந்திருக்கு பாரு. கழத்துல மாலையோட! இது மலைக்குப் போனாப்புலதேன்" என்றார்.

மலை போச்சு. பத்து வயது, தலை நரைப்பது, நடுவில் இருக்கும் வருஷங்கள் எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்கு வந்தன. அப்பா என்னைப் பார்த்தார். நான் என் விரல்களைப் பாவாடையில் துடைத்தேன். அதை அவர் பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் கையை நீட்டித் தோலை எடுத்தார். பேப்பரோடு இல்லை, வெறுங்கையால். "பிள்ளை தொடல. பேப்பரோடதேன் கொண்டாந்துச்சு. தொட்டது நானு" என்றார் மாமாவிடம்.

அப்பா பச்சை மெசினின் காலைத் தூக்கித் தோலை அடியில் செருகினார். நுழையவில்லை. அழுத்தி, நெளித்து, ஒருவழியாக உள்ளே தள்ளினார். சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஊசி முனகிக்கொண்டு இறங்கியது. நாலு தையல். அடித்தோல் நகர்ந்தது, மேல்தோல் அங்கேயே நின்றது; ஓரம் ஓரத்தோடு சேராமல் விலகிக்கொண்டே போனது. ஆறாவது தையலில் ஊசி 'டக்'கென்று இரண்டாகி, ஒரு பாதி என் காலடியில் விழுந்தது. வெறுங்கால் என்பதால் நான் துள்ளினேன்.

அப்பா சாக்கின் வாயை மறுபடி கட்டினார். முடிச்சைச் சரிபார்த்தார். "நாளைக்கு வாரேன் சாமி."

"நாளைக்கு மட்டும் என்ன சாமி மாறிரும்?" என்றார் கடைக்காரர்.

"தெரிஞ்ச ஆளோட வாரேன்."

ஊர் திரும்பியதும் அப்பா வீட்டுக்குப் போகாமல் நேரே குருசாமியிடம் போனார். பழக்கடை வைத்திருந்தவர். நானும் பின்னாலேயே போனேன், தண்டனையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள.

"குருசாமி, தோலத் தொட்டுட்டேன்."

குருசாமி கொய்யாவை அடுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியாமத் தொட்டீகளா, தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதேன்."

"ஆத்துல ஒரு முங்கு போட்டு நூத்தியெட்டு சரணம் சொல்லிருங்க. தீந்துச்சு."

எனக்கு மயக்கம் வராத குறை. ஒரு முங்கு! இதற்காகவா நான் சோற்றுப் பையை மடியில் கட்டிக்கொண்டு வீரபாண்டியிலிருந்து தேனிவரை நடுங்கினேன்?

"நாளைக்கும் தொடுவேன் குருசாமி" என்றார் அப்பா.

"நாளைக்குமா?"

"நாளைக்கும், நாளான்னைக்கும். பட்டை முடியிற வரைக்கும்."

குருசாமி கொய்யாவைக் கீழே வைத்தார். "அம்புட்டுத் தடவையா முங்குவீக? மார்கழித் தண்ணிய்யா, சன்னி வந்துரும். கழத்திருங்க. மலை எங்கிட்டுப் போகப்போகுது? அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்."

அப்பா தலையைக் குனிந்தார். குருசாமி மாலையைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, பழத்தட்டில் வைத்தார். அப்பாவின் கழுத்தில் மணிகள் பதிந்த தடம் இருந்தது. "பிள்ளை?" என்றார் அப்பா. குருசாமி என்னைப் பார்த்தார். "அவுகளுக்கு என்ன? அவுக மாமாவோட வருவாக." என் விரல்கள் பாவாடைக்குள் இருந்தன. கடைசிவரை அவற்றை யாரும் விசாரிக்கவில்லை.

மறுநாள் நடந்ததை நான் பார்க்கவில்லை, பள்ளிக்கூடம். ஆனால் அப்பா வாயால் நூறு முறை கேட்டிருக்கிறேன். கல்யாணப் பந்தியில், ஜீப் டிரைவர்களிடம், என்னைப் பெண் பார்க்க வந்த இடத்தில்கூட. கடைக்குள் தோல் வரக் கூடாது என்று கடைக்காரர் பிடிவாதமாக நின்றதால், அப்பாவும் வார்க்காரரும் மெசின்களை ஒவ்வொன்றாக வாசலுக்கு இழுத்து வந்தார்களாம். கரண்டு வயர் எட்டவில்லை. பரவாயில்லை என்று வார்க்காரர் எல்லாவற்றையும் கையாலேயே சுற்றினாராம். மெசினின் பெயின்டைப் பார்க்கவில்லை. காலை எவ்வளவு தூக்க முடிகிறது என்று பார்த்தார். தோலைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். தைத்ததும் மேல்பக்கத்தைப் பார்க்காமல் அடிப்பக்கத்தைத் திருப்பி, தையல் வரிசையில் நகத்தை ஓட்டினார். மூலையில் இருந்த அந்தக் குழாய்க் கை மெசினை எட்டாவது சுற்றில் நிறுத்திவிட்டு, "இதுதேன்" என்றாராம். கீழே இழுக்கும் பல்லும் மேலே நடக்கும் காலும் சேர்ந்து தோலை நகர்த்துவதால், மடிப்பு மூன்றும் ஒன்றாகவே போயின.

"இதுல தரை இல்லையேப்பா, சீட்டு கவர எங்க விரிக்கிறது?" என்று கடைக்காரர் கேட்க, "பலகைல குழாய் அளவுக்கு வெட்டி ஒரு தரை செஞ்சு மாட்டிக்கிட்டாப் போச்சு. பட்டை தைக்கிறப்பக் கழத்திக்கிரலாம்" என்றாராம் வார்க்காரர். பாதி டீ குடிக்கிற நேரம்தான் ஆயிற்று என்பது அப்பாவின் கணக்கு. கல்யாணப் பந்திகளில் அது கால் டீ வரைக்கும் குறைந்ததுண்டு.

பட்டைகள் முடிந்தன. கடைக்குள் ரெக்சின் வாசனையோடு தோல் வாசனையும் கலந்தது. வார்க்காரர் ரோட்டில் நின்று மெசினுக்குத் தோலை நீட்ட முடியாதல்லவா. உள்ளே வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில், சாய்ந்த டிரைவர் சீட்டு ஒன்றில் உட்கார்ந்தார். ரைஸ் மில்காரரின் மாடுகள் ஜெயித்தனவா என்று கேட்காதீர்கள். நான் மாட்டைப் பார்க்கவே இல்லை, தையலைத்தான் பார்த்தேன். நான் மாமாவோடு மலைக்குப் போய் வந்தேன். வழியெல்லாம் மாமா என்னை உற்று உற்றுப் பார்த்தார். பதினெட்டாம் படியில் கால் வைக்கும்போது நான் சாமியிடம் கேட்க நினைத்திருந்தது ஏழாம் வாய்ப்பாடு. கேட்டது வேறு: அந்த மெசின் விட்டுத் தைக்காமல் இருக்க வேண்டும்.

இருபத்தைந்து வருஷம் அது விட்டுத் தைக்கவில்லை.

அப்பாவின் தியாகம் என்று நான் இந்தக் கதையை வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். மகளுக்காகப் பழியை ஏற்று, மாலையைக் கழற்றிய தகப்பன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். எனக்கும் அதில் ஒரு வேடம் இருந்தது. அந்தக் கதையில் வார்க்காரர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறவர், கடைசியில் மெசினைத் தேர்ந்தெடுக்கிறவர். நடுவில், நாங்கள் முதல் முறை தேனிக்குப் போன நாள் முழுக்க, அவர் தன் வீட்டில் கையைக் கழுவிக்கொண்டு சும்மா இருந்தார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தோலை ஒதுக்கி வைக்கச் சொன்னது விரதம். ஆளை ஒதுக்கி வைக்கச் சொன்னது எது என்று நான் அப்பாவைக் கேட்டதில்லை.

சமீபத்தில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். எண்பதைத் தாண்டியவர். பச்சைத் துணி கட்டிக்கொண்டு, கட்டிலில் படுத்தபடி, பொழுது போகாமல் மெசின் கதையை ஆரம்பித்தார். நூற்றி ஓராவது முறை. வாசலுக்கு இழுத்தது, கண்ணை மூடிச் சுற்றியது, நகத்தை ஓட்டியது, பாதி டீ. வழக்கமாக அங்கே சிரித்துவிட்டு நிறுத்துவார். அன்று நிறுத்தவில்லை.

"பஸ்ல வாரப்ப ஒரே சீட்டு. எனக்குக் கொஞ்சம் கோவம். வந்ததும் எட்டுச் சுத்துல கண்டுபிடிக்கிற ஆளு, முன்னாடியே சொல்லிருந்தா எனக்கு இம்புட்டு அலைச்சல் இல்லைல. ஏண்ணே, இத அன்னைக்கே சொல்லிருக்கலாமில்லன்னு கேட்டேன்."

வார்க்காரரை அப்பா அன்றைக்கு உண்மையிலேயே "அண்ணே" என்றாரா, இத்தனை வருஷத்தில் திருத்திக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. "அதுக்கு அவரு என்ன சொன்னாரு?" என்றேன்.

அப்பா கட்டிய கண்களோடு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"'நான் வாரேன்னு சொன்னேனே'ன்னாரு."